மாகாண சபைத் தேர்தல் எங்கே சிக்கிக்கொண்டது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், உள்ளூராட்சித் தேர்தல் மூன்றிலும் வாக்களித்துவிட்டேன். மாகாண சபைத் தேர்தல் என்ற ஒன்றைக் கண்டதே இல்லை. அது ஏன் நடக்கவில்லை? சபை இல்லாமலே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கத்தானே செய்கின்றன, பிறகு அது எதற்கு? இனியாவது நடக்குமா?"

தம்பி, மூன்றும் நல்ல கேள்விகள். நான் மாகாணத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். சபை இருந்த காலத்திலும் வேலை செய்தேன், இல்லாத காலத்திலும் வேலை செய்தேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் ராஜீவ் காந்தியும் இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே வருடம் நவம்பரில், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தன. கேட்டவர்கள் தமிழர்கள். கிடைத்தது ஒன்பது மாகாணங்களுக்கும். இதை நம் ஆட்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். காலியில் இருப்பவருக்கும் குருநாகலில் இருப்பவருக்கும் அதே சபை, அதே உரிமை. இன்று அவர்களுக்கும் அது இல்லை.

வடக்கின் கணக்கு இன்னும் மோசம். 1988 இறுதியில் வடக்குகிழக்கு ஒரே சபையாகத் தொடங்கியது. வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். 1990இல் அது முடிந்துபோனது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. கிழக்குக்கு 2008இல் தனியாகத் தேர்தல் நடந்தது. வடக்குக்கு 2013 செப்டெம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்றது, சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதாவது சட்டம் வந்து இத்தனை வருடத்தில், வடக்கில் தெரிவு செய்யப்பட்ட சபை இருந்த காலத்தைக் கூட்டினால் ஏழு வருடம்கூட வராது.

சரி, ஏன் நடக்கவில்லை என்பதற்கு வருகிறேன். பெரிய அரசியலமைப்புச் சிக்கல், இனப்பிரச்சினை, இந்தியா, என்றெல்லாம் மேடையில் சொல்வார்கள். உண்மையில் இது 2017 செப்டெம்பரில், ஒரே நாளில், பாராளுமன்றத்துக்குள் போடப்பட்ட முடிச்சு.

அந்த நேரம் கிழக்கு, சப்ரகமுவ, வட மத்திய மாகாண சபைகளின் ஐந்து வருடம் முடியும் தறுவாயில் இருந்தது. மைத்திரிபால சிறிசேனவும் ரணில் விக்கிரமசிங்கவும் சேர்ந்து நடத்திய அரசாங்கம். ஒன்பது மாகாணங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்போம் என்று 20ஆவது திருத்தம் என்ற பெயரில் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். (2020இல் வந்த 20ஆவது திருத்தம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரே நாளில் வைக்க வேண்டுமென்றால் சில சபைகளின் காலத்தை நீட்ட வேண்டும், சிலவற்றின் காலத்தைக் குறைக்க வேண்டும். மக்கள் ஐந்து வருடத்துக்குக் கொடுத்த ஆணையைப் பாராளுமன்றம் தன் இஷ்டத்துக்கு நீட்ட முடியாது, அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பாராளுமன்றத்தில் ஏற்கெனவே வேறொரு சட்டமூலம் இருந்தது. மாகாண சபை வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல விஷயம், யாரும் எதிர்க்க மாட்டார்கள். 2017 செப்டெம்பர் 20 அன்று அந்தச் சட்டமூலம் விவாதத்துக்கு வந்தபோது, குழுநிலையில், அதாவது வாசகம் வாசகமாகப் பார்க்கும் கட்டத்தில், பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் செருகினார்கள். காலையில் பெண்களின் பிரதிநிதித்துவம் பற்றிய சட்டமூலமாக இருந்தது, இரவு முழுத் தேர்தல் முறையையும் மாற்றிய சட்டமாக வெளியே வந்தது. பழைய மாவட்ட விகிதாசார முறை போய், பாதி உறுப்பினர்கள் தொகுதியிலிருந்தும் மற்றப் பாதி பட்டியலிலிருந்தும் வரும் கலப்பு முறை வந்தது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதுதான்.

இதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். நம் நாட்டில் ஒரு சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று குடிமகன் ஒருவர் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அது பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியபின் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் மட்டுமே போகலாம். சபாநாயகர் கையெழுத்திட்டுச் சட்டமாகிவிட்டால் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. குழுநிலையில் புதிதாகச் செருகப்படும் பகுதிகளை மக்கள் முன்கூட்டிப் பார்க்கவே முடியாது. எங்களுக்கு இருந்த ஒரேயொரு கதவும் அன்று அடைபட்டது. கசப்பான இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நம் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தார்கள், முஸ்லிம் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் இருந்தன. தொகுதி 60, பட்டியல் 40 என்று இருந்ததை ஐம்பதுக்கு ஐம்பது ஆக்கினால் போதும் என்று சமாதானப்பட்டார்கள். அதன் விலை அடுத்த வருடமே தெரிந்தது.

தொகுதி முறை என்றால் தொகுதி எல்லை வரைய வேண்டும். முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் எல்லை நிர்ணயக் குழு போட்டார்கள். அந்தக் குழு சொன்ன தவணைக்குள், 2018 பெப்ரவரியில், அறிக்கையைக் கொடுத்துவிட்டது. சட்டப்படி அந்த அறிக்கையைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்க வேண்டும். 2018 ஓகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்பு. எதிராக 139, ஆதரவாகப் பூச்சியம். அறிக்கையைச் சபையில் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்.

நான் அன்று அலுவலகத்தில் வானொலிச் செய்தியில் இதைக் கேட்டேன். பக்கத்து மேசை உத்தியோகத்தர் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினார். பூச்சியம் என்பதைச் செய்தி வாசித்தவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம்.

அதன் பிறகும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அறிக்கை நிராகரிக்கப்பட்டால், பிரதமர் தலைமையில் ஐந்து பேர் கொண்ட மீளாய்வுக் குழுவைச் சபாநாயகர் நியமிப்பார். அந்தக் குழு இரண்டு மாதத்துக்குள் திருத்திய அறிக்கையை ஜனாதிபதிக்குக் கொடுக்க வேண்டும், ஜனாதிபதி அதை வர்த்தமானியில் வெளியிட்டால் புதிய எல்லைகள் நடைமுறைக்கு வரும். குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை வரவில்லை. ஒக்டோபர் 26இல் பிரதமரையே மாற்றிய அந்தப் பெரிய குழப்பம் வந்தது, அதோடு இது யாருடைய நினைவிலும் இல்லாமல் போனது. 2019இல் ஜனாதிபதி சிறிசேன, பழைய முறையில் தேர்தல் நடத்தலாமா என்று உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. பழைய முறையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. தேர்தல் ஆணைக்குழுவுக்குத் தேர்தல் நடத்தும் அதிகாரம் இருக்கிறது, நடத்துவதற்கான சட்டம்தான் இல்லை. 2019 ஒக்டோபரில் ஊவா சபையின் காலம் முடிந்தபோது, ஒன்பது மாகாணங்களிலும் கடைசிச் சபையும் இல்லாமல் போனது.

எல்லை அறிக்கையை ஏன் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள்? பெரிய கட்சிகளுக்குத் தேர்தலைத் தள்ளிப்போடும் ஆசை இருந்தது, அதை விடுங்கள். சிறிய சமூகங்களின் பயம் உண்மையானது, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண்டி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்குறணை போன்ற ஓரிரு இடங்களில் முஸ்லிம்கள் செறிவாக இருக்கிறார்கள். மீதிப்பேர் ஊருக்கு ஐம்பது குடும்பம், நூறு குடும்பம் என்று மாவட்டம் முழுவதும் பரந்து இருக்கிறார்கள். தோட்டங்களில் லயன்களில் வாழும் மலையகத் தமிழரும் அப்படித்தான். மாவட்ட விகிதாசார முறையில் இந்தச் சிதறிய வாக்குகள் எல்லாம் ஒரு பட்டியலில் சேர்ந்து ஒன்றோ இரண்டோ உறுப்பினராக மாறும். தொகுதி முறையில் ஒவ்வொரு தொகுதியிலும் அவர்கள் சிறுபான்மை, எங்கேயும் வெல்ல மாட்டார்கள். பட்டியல் பாதி அதை ஈடு செய்யும் என்று சொல்லலாம், முழுதாக ஈடு செய்யாது. எல்லைக் கோட்டை ஒரு தோட்டத்தின் நடுவால் இழுத்தால் ஒரு உறுப்பினர் போய்விடுவார். அதனால்தான் எல்லை நிர்ணயம் என்றாலே அந்தப் பகுதிகளில் நெஞ்சு பதைக்கிறது.

கலப்பு முறையின் இன்னொரு விளைவை 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலிலேயே பார்த்துவிட்டோம். நாடு முழுவதும் உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தவிசாளரைத் தெரிவு செய்யவும், பிறகு வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றவும் பேரம் பேசியே காலம் போனது. ஆனால் அந்தத் தேர்தலில் ஒரு பெரிய நன்மையும் நடந்தது, அதை மறைக்கக்கூடாது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்ததால், இரண்டு வீதத்துக்கும் குறைவாக இருந்த பெண் உறுப்பினர்கள் இருபது வீதத்தைத் தாண்டினார்கள். எங்கள் பக்கப் பிரதேச சபைகளில் குடிநீர், தெருவிளக்கு, முன்பள்ளி பற்றி அதிகம் எழுந்து பேசியவர்கள் அவர்கள்தான். மாகாண சபைக்கும் அது வந்திருக்க வேண்டும். அந்த நல்ல நோக்கத்தின் முதுகில் ஏற்றித்தான் இந்த முடிச்சைக் கொண்டுவந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சபை இல்லாமலே எல்லாம் ஓடுகிறதே, அது எதற்கு?

ஓடுகிறது, உண்மைதான். சம்பளம் வருகிறது, பாடசாலை திறக்கிறது, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள். நிர்வாகம் என்பது பழக்கத்தில் ஓடக்கூடியது. ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் வீதிகளுக்கு மூன்று சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மீதி ஒழுங்கைகள் எல்லாம் பிரதேச சபைக்கு. ஒரு கிராமத்தில், டி தர வீதியிலிருந்து பிரதேச சபை ஒழுங்கை பிரியும் முடக்கில் ஒரு மதகு. மாரியில் அதன் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை இறக்கி, வாய்க்காலுக்குள் கால் வைத்துத் தாண்ட வேண்டும். அந்த முடக்கில் கடை வைத்திருந்த ஒரு அம்மா, கடிதங்களையும் படங்களையும் ஒரு சொப்பிங் பைக்குள் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். பிரதேச சபையில், மதகின் பெரும்பகுதி டி தர வீதியின் எல்லைக்குள் வருகிறது என்றார்கள். மாகாணத் திணைக்களத்தில், அந்த வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த வருடப் பட்டியலில் போடலாம் என்றார்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இது மாகாணத்தின் வேலை என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் சரிதான், யாரும் பொய் சொல்லவில்லை. அந்த அம்மா எங்கள் அலுவலகத்துக்கு நாலாவது முறை வந்தபோது பையின் கைப்பிடி அறுந்து, அதில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். "தம்பி, இதுக்கு ஆர் பொறுப்பு எண்டு ஒரு ஆளைக் காட்டுங்கோ, நான் அவரிட்டப் போறன்" என்றார். என்னால் காட்ட முடியவில்லை.

சபை இருந்திருந்தால் மதகு மறுநாளே கட்டப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா போகக்கூடிய ஒரு ஆள் இருந்திருப்பார். அவருடைய பகுதி மாகாண சபை உறுப்பினர் வாய்மூலக் கேள்வியாக அதைக் கொடுப்பார். சபை கூடும் நாளில் வீதி அபிவிருத்திக்குப் பொறுப்பான அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அமைச்சருக்கு அந்தப் பதிலைத் தயாரிப்பது எங்கள் வேலை. சபை இருந்த காலத்தில், கேள்வி வந்துவிட்டது என்றால் கோப்பு அலுமாரியிலிருந்து மேசைக்கு வரும், பொறியியலாளர் இடத்தைப் போய்ப் பார்ப்பார், பொறுப்பு யாருக்கு என்று ஒரு வரியாவது எழுத்தில் வரும். 2018க்குப் பிறகு அந்தக் கேள்விகள் நின்றுவிட்டன. ஆளுநரின் பொதுமக்கள் சந்திப்பு நாளில் மனுக் கொடுக்கலாம், கொடுத்தவர்களுக்கு வேலை நடந்ததும் உண்டு. ஆனால் அது அவர் தயவு, நமது உரிமை இல்லை.

ஆளுநர்களைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்லவில்லை. வடக்கின் இப்போதைய ஆளுநர் நாகலிங்கம் வேதநாயகன் யாழ். மாவட்ட அரசாங்க அதிபராக இருந்தவர், நிர்வாகம் தெரிந்தவர். ஆனால் பாருங்கள், 2019 தொடக்கம் 2024 வரை வடக்குக்கு ஐந்து தடவை ஆளுநர் நியமனம் நடந்தது. ஒவ்வொருவரும் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர், ஜனாதிபதி விரும்பும் வரைதான் பதவி. வடக்கில் ஒரு வாக்காளரிடம்கூட யாரும் கேட்கவில்லை. சபை இருக்கும்போதே உத்தியோகத்தர் நியமனம், இடமாற்றம் எல்லாம் ஆளுநர் கையில், நிதி சம்பந்தப்பட்ட நியதிச்சட்டத்துக்கு (மாகாண சபை ஆக்கும் சட்டத்துக்கு) அவருடைய சிபாரிசு வேண்டும். சபையும் இல்லையென்றால் வருடாந்த வரவு செலவைப் பார்ப்பவரும் அவர், அங்கீகரிப்பவரும் அவர். விவாதம் கிடையாது.

சபை இல்லாத காலத்தில் அதிகாரம் மெல்ல மெல்லக் கொழும்புக்கு ஒழுகிப் போகும். இது புதிதில்லை. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரதேச செயலாளர்கள் மத்திய அரசின் ஆட்களாக நிலைபெற்றார்கள். மக்கள் அன்றாடம் போகும் அலுவலகம் மாகாணத்தின் கையில் இல்லை. நல்ல பாடசாலைகள் தேசிய பாடசாலைகளாகின்றன, அதோடு அவை கல்வி அமைச்சின் கீழ் போய்விடும். கிராமத்துச் சிறிய பாடசாலைகள் மாகாணத்தோடு மிஞ்சும்.

சபை ஒன்று இருப்பதே எவ்வளவு பெரிய தடுப்பு என்பதற்கு 2012இல் நடந்த திவிநெகும விவகாரத்தைச் சொல்லலாம். வறிய குடும்பங்களுக்கு உதவும் சமுர்த்தியையும் வேறு சில அதிகார சபைகளையும் ஒன்றாக்கிக் கொழும்பில் ஒரு திணைக்களத்தின் கீழ் கொண்டுவரும் சட்டமூலம். மாகாணங்களின் விடயம் என்பதால் எல்லா மாகாண சபைகளின் சம்மதமும் கேட்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். மற்றச் சபைகள் சம்மதித்தன. வடக்கில் சபை இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார். தெரிவு செய்யப்பட்ட சபையின் இடத்தில் நின்று ஆளுநர் சம்மதம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப்பிரேரணை வந்து 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார். இல்லாத ஒரு சபையின் வெற்று நாற்காலிகூட அவ்வளவு கனமாக இருந்தது.

இப்போது நம் பக்கத்துக் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கைதடியில் இருந்த வட மாகாண சபை ஐந்து வருடத்தில் நிறைவேற்றிய தீர்மானங்கள் நூற்றுக்கணக்கு, நியதிச்சட்டங்கள் மிகச் சில. தீர்மானம் உணர்வைச் சொல்லும். நியதிச்சட்டம்தான் அதிகாரத்தைத் தரும். காணி அதிகாரம் மத்திக்கே என்று உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பரில், தேர்தல் முடிந்த அதே வாரத்தில், தீர்ப்பளித்தது. பொலிஸ் அதிகாரம் எழுத்தில் மட்டும் இருந்தது. இவை உண்மையான தடைகள்தான். ஆனால் கல்வி, சுகாதாரம், விவசாயம், கூட்டுறவு, உள்ளூராட்சி கையில் இருந்தனவே? 2017இல் அமைச்சர்கள் மீதான விசாரணையும், முதலமைச்சர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையும் சபையை ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்துவிட்டன. கோப்புகளோடு காத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மாதங்கள் பெரிய வேதனை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரமும் அப்படியே. சபை ஒரு நிபுணர் குழு போட்டது. அது சொன்ன முடிவை மக்கள் நம்பவில்லை. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம்தான் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அந்த விடயத்தில் சபை தன் மக்களைக் கைவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இரணைமடுவை நினைத்துப் பாருங்கள். குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். வரட்சி வருடத்தில் எங்கள் சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது, அதில் உங்களுக்கும் எப்படி என்றார்கள். தமிழருக்கும் தமிழருக்கும் இடையிலான தகராறு, யாரையும் இனவாதி என்று சொல்லித் தப்ப முடியாது. சபைக்குள் கிளிநொச்சி உறுப்பினர்களும் யாழ்ப்பாண உறுப்பினர்களும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. இழுபட்டது, சலிப்பாக இருந்தது, பலர் திட்டினார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் என்ற பக்கம் திரும்பியது, 2024 ஓகஸ்டில் அது திறக்கப்பட்டது. ஆளுநர் ஒருவர் கையெழுத்தில் இதை முடித்திருந்தால் இரண்டு மாவட்டங்களுக்கிடையே இன்றும் பகை இருந்திருக்கும். ஒரு சபை எதற்கு என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சபை வெள்ளை யானை, அதன் செலவை மக்களுக்குக் கொடுக்கலாம் என்பார்கள். மாகாணத்துக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி ஆசிரியர், தாதியர், உத்தியோகத்தர் சம்பளம். அது சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகிறது. சபையை மூடியதால் மிச்சமானது உறுப்பினர் கொடுப்பனவும் வாகனமும் எரிபொருளும். இழந்தது அந்த முழுப் பணத்துக்கும் கணக்குக் கேட்கும் ஆட்களை.

மூன்றாவது, இனி நடக்குமா?

சட்டப்படி பார்த்தால் இந்த முடிச்சை அவிழ்ப்பது கடினமே இல்லை. மாகாண சபைத் தேர்தல் சட்டம் சாதாரணச் சட்டம். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தை நீக்கிப் பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டாம். எம்.ஏ. சுமந்திரன் இதற்கென்றே தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார், அது கரை சேரவில்லை. இன்று ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம் இருக்கிறது. நினைத்தால் விரைவாக முடிக்கலாம். மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம் என்று அவர்களே விஞ்ஞாபனத்தில் எழுதியவர்கள். 1987இல் அவர்களின் மையக் கட்சியான ஜே.வி.பி. மாகாண சபையை ஆயுதத்தோடு எதிர்த்தது, 2006இல் வடக்குகிழக்கைப் பிரிக்க நீதிமன்றம் போனவர்களும் அவர்களே. பிறகு தெற்கில் அதே சபைகளில் போட்டியிட்டு உறுப்பினர்களாகவும் இருந்தார்கள். அந்தப் பாதையில் ஒரு மாற்றம் இருக்கிறது என்று நான் நம்ப விரும்புகிறேன்.

எல்லை நிர்ணயத்தை முடித்துப் புதிய முறையிலேயே நடத்துவோம் என்று சொல்பவர்களும் உண்டு. சொல்பவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அதன் அர்த்தம் இன்னும் சில வருடம் என்பதுதான். 2018இன் எல்லைகள் பழைய சனத்தொகைக் கணக்கில் வரையப்பட்டவை. மறுபடி வரைந்தால் மறுபடி அதே கண்டி, அதே நுவரெலியா, அதே புத்தளம். என் கருத்து இதுதான்: முதலில் பழைய முறைக்குத் திரும்புங்கள், அந்தச் சட்டமூலத்திலேயே பெண்களுக்கான 30 வீதத்தை உறுதியாக எழுதுங்கள், தேர்தலை வையுங்கள். தொகுதி முறை வேண்டுமென்றால் தெரிவான சபைகளோடு பேசி ஆறுதலாகச் செய்யலாம்.

நீதிமன்றம் உதவாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் காசு இல்லை என்று நின்றது. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், அது வாக்காளரின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது, நீங்களும் வாக்களித்தீர்கள். அங்கே சட்டம் இருந்தது, காசுதான் தடை. இங்கே சட்டமே இல்லை. சட்டம் ஆக்கும்படி பாராளுமன்றத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட முடியாது. அதனால் அழுத்தம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும், தெற்கிலிருந்தும் போக வேண்டும்.

13ஐ ஏற்றால் தீர்வைக் கைவிட்டதாகிவிடும் என்று நம்மில் ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். 13 போதாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இருக்கும் சபையில் ஆட்கள் இல்லாததால் போவது மதகும் ஆசிரியரும் குளத்துத் தண்ணீரும். பெரிய தீர்வைக் கேட்டுக்கொண்டே இதையும் கேட்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

உங்கள் மாவட்டத்தில் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் ஆளும் கட்சி. அடுத்த முறை அவர்களில் ஒருவர் உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வரும்போது, மாகாண சபைத் தேர்தல் வைப்பீர்களா என்று கேட்க வேண்டாம். ஓம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தை நீக்கும் சட்டமூலம் எந்தத் திகதியில் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும் என்று கேளுங்கள். இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள். சொல்லும் திகதியைக் குறித்துவைத்து, அந்தத் திகதி போனபின் மறுபடியும் போய்க் கேளுங்கள்.